நம் குப்பத்தில் காலைநடை: எங்கே தொடங்கி எங்கே முடிப்பது?

ஊர்ச் சொந்தங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

விடுமுறைக்கு வருகிற பிள்ளைகளுக்கு, சென்னை பெசன்ட் நகரை ஒட்டிய நம் மீனவ ஊர்களான ஊரூர், ஆல்காட் குப்பம் இரண்டையும் நடந்தே சுற்றிக்காட்டலாம் என்று பேச்சு வந்ததே, அதற்கு என் யோசனை இது. பெசன்ட் நகர்க்காரர்களையும் கூப்பிடலாம் என்று அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். கட்டாயம் வரட்டும்.

நடையை கார்ல் ஷ்மிட் நினைவு மண்டபத்தில் தொடங்க வேண்டாம். 1930இல், கடலில் தத்தளித்தவரைக் காப்பாற்றப்போய் உயிரைவிட்ட டென்மார்க் மாலுமி அவர். அவர்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் எலியட்ஸ் கடற்கரைக்கு வருகிறவர்கள் அங்கே படம் எடுத்துக்கொண்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள். வடக்கே கொஞ்சம் நடந்தால் ஓர் ஊர் இருப்பது பலருக்குத் தெரியாது. வீட்டு வசதி வாரியம் 1970களில் பெசன்ட் நகரை எழுப்பியபோதும் நம்மவர்கள் இதே கரையிலிருந்துதான் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

அதனால் விடிந்ததும் படகு கரையேறும் இடத்தில் தொடங்குவோம். படகைத் தள்ளி ஏற்றுவது, வலையிலிருந்து கவளையையும் நண்டையும் கழற்றுவது, ஏலம், கூடையோடு நிற்கும் நம் அத்தை, சித்திமார்கள் பேசும் விலை எல்லாவற்றையும் பிள்ளைகள் நின்று பார்க்கட்டும். அப்புறம் பெரியவர் ஒருவர் தண்ணீரைக் காட்டிப் பேச வேண்டும். தெற்கிலிருந்து ஓடும் தெண்டி நீரோட்டம், வடக்கிலிருந்து வரும் வன்னி நீரோட்டம், கொண்டல் காற்று அடித்தால் என்ன, வாடைக் காற்று அடித்தால் என்ன, எந்த நாளில் எந்த வலையை எடுப்பது. இதற்குத்தான் நிறைய நேரம் ஒதுக்க வேண்டும். கைப்பேசியில் வானிலை பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, கடலைக் கண்ணால் பார்த்தே முடிவெடுக்கும் ஆட்கள் தங்கள் தாத்தாக்கள் என்று தெரியட்டும்.

அடுத்தது மணல். வெளியாட்கள் கண்ணுக்கு அது சும்மா கிடக்கிற இடம். நமக்கு அதுதான் படகு நிறுத்துமிடம், வலை காயப்போட்டுப் பொத்தல் அடைக்கும் இடம், கருவாடு போடும் இடம். யார் பெயரிலும் பட்டா கிடையாது, ஊருக்கே பொது. கடலோரத்தில் எதைக் கட்டலாம், கட்டக்கூடாது என்று மத்திய அரசு 2011இல் வெளியிட்ட கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவ ஊர்களின் நீண்டகால வீட்டுத் தேவைக்குத் திட்டம் வகுக்கச் சொன்னது. ஆனாலும் அடையாற்றைத் தாண்டி இந்தக் கரைவழியே சாலை போடும் பேச்சு அவ்வப்போது எழுந்துகொண்டேதான் இருக்கிறது. மணலை எப்படிப் புழங்குகிறோம் என்பதை அக்கம்பக்கத்தார் நேரில் பார்த்திருந்தால், அந்தப் பேச்சு வரும்போது நமக்காக வாய் திறப்பார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

முடிப்பது உடைந்த பாலத்தில். அடையாற்றைக் கடக்க மீனவர்களுக்காக 1967இல் கட்டினார்கள். 1977இல் நீரின் வேகத்தில் ஒரு பகுதி போய்விட்டது. சினிமாவில் பார்த்த இடம் என்று பிள்ளைகள் துள்ளுவார்கள், துள்ளட்டும். எனக்கு அங்கே சொல்ல வேண்டியது முகத்துவாரத்தின் கதை. வருடத்தின் பெரும்பகுதியில் மணல் கரையோரமாக வடக்கு நோக்கி நகர்கிறது. ஆற்றில் ஓட்டம் குறைந்தால் வாய் மணலால் அடைபடும், மழை வெள்ளம் வந்தால் திறக்கும். 1876இல் கட்டத் தொடங்கிய சென்னைத் துறைமுகம் இதே மணலை வழியில் தடுத்ததால்தான் மெரினா அகலமானது, துறைமுகத்துக்கு வடக்கே கரை அரித்துப்போனது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மீனவர்கள் படகுகளைத் தெருவுக்குள் கொண்டுபோய் ஆட்களை மீட்டதையும் ஆற்றைப் பார்த்தபடி அங்கேயே சொல்லலாம்.

வருகிறவர்களுக்கு முன்கூட்டியே இரண்டு விஷயம் சொல்லிவிடுங்கள்: கேட்காமல் யாரையும் படம் எடுக்கக்கூடாது, ஏலம் நடக்கும்போது குறுக்கே நிற்கக்கூடாது. மீன் வாங்கிப் போனால் ரொம்ப நல்லது.

படகுக்குப் போகிறவர்கள் களைத்து வருவார்கள், அவர்களைப் பேசச்சொல்லித் தொந்தரவு செய்ய வேண்டாம். கரையிலேயே இருக்கும் பெரியவர்களிடம் தம்பிமார் யாராவது நேரில் போய்க் கேளுங்கள். பாலம் முழுதாக இருந்தபோது எடுத்த படம் யார் வீட்டிலாவது இருந்தால் நகல் எடுத்துக் குழுவுக்கு அனுப்புங்கள். தேதியை நிலா பார்த்து, கடலுக்குப் போகிற நாளாகப் பார்த்து, ஊர்க்காரர்களே சொல்லட்டும்.