புதுப்பிப்பு: மகளின் முழங்கால் வலிக்குக் காரணம் தெரிந்தது

13 வயதாகும் என் மகளுக்கு ஓடும்போதும் படியேறும்போதும் முழங்காலுக்குக் கீழே வலிப்பதாக முன்பு எழுதியிருந்தேன். அது வளர்ச்சி வலிதான் என்று பலரும் ஆறுதல் கூறியிருந்தீர்கள். எலும்பு மருத்துவரின் முடிவு வேறு. 1903-இல் ஆஸ்குட், ஷ்லாட்டர் என்னும் இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்த, அவர்கள் பெயராலேயே வழங்கும் பாதிப்பு இது.

தொடையின் முன்புறத் தசை, முழங்கால் சில்லின் வழியாகக் கீழ்க்கால் எலும்பின் மேற்பகுதியில், இன்னும் முழுமையாக இறுகாத வளரும் பகுதியில் வந்து இணைகிறது. உயரம் விரைந்து கூடும் பருவத்தில் ஓட்டமும் குதித்தலும் மிகும்போது அவ்விடம் திரும்பத் திரும்ப இழுபட்டுப் புடைத்து வலிக்கிறது. மருத்துவர் விரலால் அழுத்தியபோது அந்தச் சிறு மேட்டில் மட்டுமே அவள் முகம் சுளித்தாள். வளர்ச்சி வலியோ பெரும்பாலும் இரு கால்களிலும் மாலையிலோ இரவிலோ வந்து, காலையில் சுவடின்றி மறைந்துவிடுமாம்.

அவர் இடுப்பு மூட்டையும் சுழற்றிப் பார்த்தார். இவ்வயதில் இடுப்பில் உள்ள கோளாறு முழங்கால் வலியாக மட்டுமே வெளிப்படக்கூடும் என்பதால், இந்தச் சோதனையைப் பெற்றோர் கேட்டாவது செய்துகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விளையாட்டை அடியோடு நிறுத்தத் தேவையில்லை. குதிப்பதைக் குறைத்து, தொடைத் தசையை நீட்டும் பயிற்சி செய்து, விளையாடிய பின் துணியில் சுற்றிய பனிக்கட்டியால் ஒத்தடம் கொடுக்கிறோம். எலும்பு வளர்ச்சி முடியும்போது வலி பெரும்பாலும் நின்றுவிடும், மேடு மட்டும் நிலைக்கலாம். ஆனால் காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் ஓயாத வலி, மூட்டு வீக்கம், நொண்டுதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும் காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.