எஸ்டேட் படகில் பெட்ரோல் ஊற்றும் ஓஸ் மாற்ற வேண்டும், கழற்றவே முடியவில்லை – உதவி

கோத்தகிரிக்காரன்:
வணக்கம். நாங்கள் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்தில் ஒரு தடுப்பணை, அக்கரையில் பம்ப் ஹவுஸ். போய்வர ஒரு பழைய ஃபைபர் படகு, பின்னால் வெளியே மாட்டும் 40 எச்.பி. அவுட்போர்டு இன்ஜின். பெட்ரோல் டேங்க் பின் சீட்டுக்கு அடியில் நிரந்தரமாகப் பொருத்தியது. மேலே இருக்கும் மூடியிலிருந்து டேங்குக்குப் போகிற ஓஸ் மூன்றடி இருக்கும், உள்விட்டம் 38 மி.மீ. விறகு மாதிரி இறுகி, வளைவில் முழுக்க வெடிப்பு. பெட்ரோல் ஊற்றினால் இரண்டு நாளைக்கு சீட்டுக்கு அடியில் வாடை போவதில்லை, ஊற்றும்போதே குளுக் குளுக் என்று புனலில் எதிர்த்து வேறு அடிக்கிறது.

நேற்று கிளிப்பைக் கழற்றிவிட்டு ஓஸை முறுக்கிப் பார்த்தேன். ஓஸ் அசையவில்லை, டேங்க் பைப்தான் லேசாக அசைந்தது. பையன் ப்ளோ லாம்ப் வைத்துச் சூடு காட்டலாம் என்கிறான். மேட்டுப்பாளையத்தில் இதே அளவில் லாரி ரேடியேட்டர் ஓஸ் கிடைக்கிறது, அதைப் போடலாமா?

பழைய ஒர்க்‌ஷாப்:
தம்பி, முதலில் அந்த ப்ளோ லாம்பைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் வையுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், மேலே போகாது, சீட்டுக்கு அடியில் பள்ளத்தில்தான் தேங்கி நிற்கும். டேங்க் காலி என்று தைரியம் வேண்டாம், காலி டேங்கில்தான் ஆவி நிறைந்திருக்கும். பேட்டரி ஒயரைக் கழற்றுங்கள், பலகைகளைத் திறந்து நன்றாகக் காற்றாட விடுங்கள்.

அப்புறம் முறுக்குவதை நிறுத்துங்கள். அலுமினிய டேங்காக இருந்தால் பைப்பின் வெல்டிங் விட்டுவிடும், பிறகு மூன்றடி ஓஸ் வேலை முழு டேங்க் வேலையாகிவிடும். பழைய ஓஸ் எப்படியும் குப்பைக்குத்தானே, பைப் மேல் உட்கார்ந்திருக்கும் பகுதியைக் கத்தியால் நீளவாக்கில் கீறுங்கள், பைப்பில் கோடு விழாமல். உள்ளே சுருள் கம்பி இருந்தால் கையால் அழுத்தும் கட்டரால் நறுக்குங்கள், கிரைண்டர் கூடவே கூடாது. கீறலை விரித்தால் வாழை மட்டை மாதிரி உரிந்து வந்துவிடும்.

கொடை ஜீப்:
ரேடியேட்டர் ஓஸா? அந்தத் தப்பை நான் ஜீப்பில் செய்தவன். அது தண்ணீருக்கான ரப்பர். பெட்ரோல் பட்டதும் ஊறி உப்பி, உட்பக்கம் பிசுபிசுவென்று உரிந்து கார்புரேட்டர் வரை போனது. பெருமாள்மலை ஏற்றத்தில் வண்டி நின்றபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், பழைய ரப்பருக்கு அது இன்னும் ஆகாது.

படகுக்கான எரிபொருள் ஓஸ் தனியாக இருக்கிறது. மேலே ஐ.எஸ்.ஓ. 7840 என்று அச்சிட்டு, ஏ1 அல்லது ஏ2 என்று போட்டிருக்கும். ‘ஏ’ என்றால் தீயில் இரண்டரை நிமிடம் தாங்கும் சோதனையில் தேறியது. 1 எப்போதும் பெட்ரோல் நிற்கும் இடத்துக்கு, 2 ஊற்றும்போது மட்டும் பெட்ரோல் போகும் இடத்துக்கு. உங்களுக்கு ஏ2 போதும், ஏ1 கிடைத்தால் யோசிக்காமல் வாங்குங்கள். கோயம்புத்தூரில் அலைவதைவிட கொச்சி தோப்பும்படி பக்கம் மீன்பிடிப் படகுச் சாமான் கடைகளில் விசாரிப்பது சுலபம்.

பழைய ஒர்க்‌ஷாப்:
சொல்ல மறந்தேன். எதிர்த்து அடிப்பதற்கு ஓஸ் காரணமாக இருக்காது. டேங்கிலிருந்து காற்று வெளியேற ஒரு சின்ன வென்ட் ஓஸ் இருக்கும், அதன் வாயைப் பாருங்கள். புது ஓஸில் நடுவில் தொய்வு வந்தாலும் பெட்ரோல் தேங்கி இதே கதைதான், ஒரே சரிவாக இறங்க வேண்டும். ஒவ்வொரு முனைக்கும் இரண்டு எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) கிளிப், துளை போட்ட பட்டை வேண்டாம், அது ரப்பரைக் கடிக்கும்.

கோத்தகிரிக்காரன்:
பத்து நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். ஓஸ் கொச்சியிலிருந்து பஸ் பார்சலில் வந்தது.

கீறி உரித்ததும்தான் விஷயம் தெரிந்தது. மூடியிலிருந்து டேங்குக்கு ஒரு பச்சை எர்த் ஒயர் வருகிறது. முன்பு யாரோ அதன் நுனியை உரித்து, ஓஸுக்கும் பைப்புக்கும் நடுவில் செருகி, மேலே கிளிப்பை இறுக்கியிருக்கிறார்கள். ஒயர் போன தடத்திலேயே பெட்ரோல் கசிந்து பைப்பில் காப்பிக் கறை மாதிரி ஒரு கோடு. வென்ட் வாயில் குளவி மண்ணால் கூடு கட்டி வைத்திருந்தது! அதைக் குத்தி எடுத்ததும் எதிர்த்து அடிப்பது நின்றுவிட்டது.

புது ஓஸ் பைப்பில் ஏற மறுக்கிறது. காலையில் பனி, ரப்பர் கல்லாக இருக்கிறது. அந்த எர்த் ஒயர் தேவையா, வெட்டிவிடலாமா?

பழைய ஒர்க்‌ஷாப்:
வெட்டிவிடாதீர்கள் தம்பி. ரப்பர் நடுவில் வந்துவிடுவதால் மூடியும் டேங்கும் தனித்தனியாகிவிடும். ஊற்றும்போது சேரும் நிலைமின்சாரம் பொறியாகாமல் இறங்கத்தான் அந்த ஒயர். டேங்கில் எர்த்துக்கென்று ஒரு காது இருக்கும், ஒயர் நுனியில் லக் (துளை உள்ள உலோக முனை) போட்டு அதில் போல்ட்டால் மாட்டுங்கள், ஓஸுக்கு அடியில் மட்டும் வேண்டாம்.

ஓஸ் முனையை ஃபிளாஸ்க் வெந்நீரில் ஐந்து நிமிடம் போடுங்கள். நம் உயரத்தில் தண்ணீர் நூறு டிகிரிக்கு முன்பே கொதித்துவிடும், ஆனாலும் இதற்குப் போதும். துடைத்துவிட்டு, பைப்பில் சோப்புத் தண்ணீர் தடவித் தள்ளுங்கள். கிரீஸ் வேண்டாம்.

கோத்தகிரிக்காரன்:
ஏறிவிட்டது அண்ணா. கழுத்து வரை ஊற்றி, இரண்டு முனையிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றி ஒரு மணி நேரம் விட்டேன், காய்ந்தே இருக்கிறது. வாடையும் இல்லை. வென்ட் வாய்க்கு ஒரு சின்ன வலை வாங்கணும், குளவி அங்கேயேதான் சுற்றுகிறது.

கொடை ஜீப்:
ஒரு வாரம் ஓட்டிவிட்டுக் கிளிப்பை இன்னொரு அரைச் சுற்று பாருங்கள், புது ரப்பர் அமுங்கும். அதுவரை சீட்டுப் பலகைக்கு ஸ்க்ரூ போட வேண்டாம்.