முகவரியை வேரியபிளில் கொடுத்தால் டேட்டா இடம் மாறி விழுகிறது

மூன்று நாளாக ஒரே இடத்தில் நிற்கிறேன். ஒரு பிஎல்சியிலிருந்து (இயந்திரங்களை இயக்கும் தொழிற்சாலைக் கணினி) இன்னொன்றுக்கு ரெசிபி டேட்டா, அதாவது ஒவ்வொரு தயாரிப்புக்குமான செட்டிங் மதிப்புகள், எழுத வேண்டும். இரண்டுமே சீமென்ஸ் எஸ்7-1200, சிபியு 1214சி. நடுவே ஒரு சாதாரண ஸ்விட்ச், மோட்பஸ் டிசிபி (நெட்வொர்க் வழியாகக் கருவிகள் டேட்டா பரிமாறும் முறை), போர்ட் 502. எழுதும் பக்கம் எம்பி_கிளையன்ட் (மோட்பஸ் கோரிக்கை அனுப்பும் கட்டளை), மோட் 1, அதாவது எழுதும் மோட்.

ஒரு ரெசிபிக்கு 10 வேர்ட் (ஒரு வேர்ட் 16 பிட்). எழுதப்படும் முகவரி முதல் ரெசிபிக்கு 40001, அடுத்தது 40011, அப்புறம் 40021. முகவரியை நேரடி எண்ணாகக் கொடுத்தால் எல்லாம் சரி. வேரியபிளில் கொடுத்து, டன் பிட் (எழுதி முடிந்ததைச் சொல்வது) வந்ததும் 10 கூட்டினால் சில சமயம் இரண்டாவது ரெசிபியின் டேட்டா 40001-லேயே போய் உட்காருகிறது. எரர் பிட் வருவதில்லை, ஸ்டேட்டஸும் சுத்தம். அதுதான் எரிச்சல்.

கேபிள் மாற்றினேன். பிங் ஒன்றுகூட விடுபடவில்லை. வாட்ச் டேபிளில் அனுப்பும் பஃபர் சரியாகவே இருக்கிறது. இரண்டு எழுத்துக்கும் நடுவே 500 மில்லிசெகண்ட் டைமர் வைத்தேன், குறைந்தது, நிற்கவில்லை. கோரிக்கையைக் கிளப்பும் ரெக் பிட்டை மட்டும் நிரந்தரமாக ஆனில் விட்டிருக்கிறேன், சந்தேகம் அதன் மேல்தான்.

மொத்தம் 30 வேர்ட்தானே, ஒரே தடவையில் எழுதலாமே என்பீர்கள். பின்னால் 20 ரெசிபி வரும். 200 வேர்ட் ஆகிவிடும், ஒரு கோரிக்கையில் 123-க்கு மேல் எழுத முடியாது.

டன் வந்தபின் ரெக்கை அணைத்து, எந்த ஸ்கேனில் (ப்ரோகிராம் ஓடும் ஒரு சுற்று) முகவரியையும் பஃபரையும் மாற்றினால் பத்திரம்?