ஒன்பதாம் எண்ணை விடுங்கள்: எதிரணியின் தாக்குதலை எடை போட்ட அனுபவங்கள்

வடக்கு மாடம்

வரும் சனிக்கிழமை பரம எதிரியுடன் கால்பந்து ஆட்டம். எங்கள் ரசிகர்கள் வாயைத் திறந்தால் ஒரே கேள்விதான்: அவர்களுடைய ஒன்பதாம் எண்ணை, அதாவது முன்னே நின்று கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கரை, யார் பிடிப்பது? இந்தப் பருவத்தில் அவர் கோல் மழை பொழிகிறார், மறுக்கவில்லை. ஆனால் கோல் தொகுப்புகளை ஒதுக்கிவிட்டு அவர்களுடைய ஆட்டங்களை முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை பார்த்தால் வேறு கதை தெரிகிறது. அந்த மனிதர் பாதி நேரம் நடந்துகொண்டிருக்கிறார். வேலையெல்லாம் இடது பக்கத்தில் நடக்கிறது.

இடது விங்கர், அதாவது ஓரத்தில் தாக்குபவர், பக்கக் கோட்டை ஒட்டி நிற்பார். அவரை மறிக்க எங்கள் வலது ஓரத் தடுப்பாட்டக்காரரான ஃபுல்பேக் வெளியே போனதும், இந்த ஃபுல்பேக்குக்கும் நடுவில் தடுக்கும் சென்டர் பேக்குக்கும் நடுவே ஒரு சந்து திறக்கும். அந்தச் சந்துக்குள் நடுகளத்திலிருந்து ஒருவர் ஓடிவருவார். பந்து அவருக்குப் போகும். கோல் கோட்டின் ஓரம் வரை கொண்டுபோய் அதைப் பின்னோக்கி இழுத்துவிடுவார். ஒன்பதாம் எண் அங்கே நின்று காலை வைப்பார். மறுநாள் படத்தில் வருவது அந்தக் காலை வைத்தவர் மட்டும்.

உங்கள் அணி எதுவானாலும் சரி. எதிரணியின் தாக்குதலைப் பற்றி ஆட்டத்துக்கு முன் என்ன கணக்குப் போட்டீர்கள், களத்தில் என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

வெள்ளைச் சட்டை

ரியல் மாட்ரிட் ரசிகன் என்ற முறையில் எனக்கு இதில் ஒரு தேதி உண்டு: 2009 மே 2.

லீக்கில் பார்சிலோனாவை நெருங்கிக்கொண்டிருந்தோம். நான்கு புள்ளி இடைவெளி, ஆட்டம் எங்கள் பெர்னபெயு மைதானத்தில். அவர்களுடைய முன்வரிசை எங்களுக்கு மனப்பாடம். இடதில் ஹென்றி, நடுவில் எட்டோ, வலதில் மெஸ்ஸி. மெஸ்ஸி வலதிலிருந்து இடது காலுக்குப் பந்தை மாற்றி உள்ளே வெட்டுவார் என்று பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஆகவே எங்கள் பேச்சு முழுவதும் இடது ஃபுல்பேக் ஹெய்ன்ஸ அவரை எப்படி மறிப்பார், அவருக்குத் துணை யார் என்பதைச் சுற்றியே இருந்தது.

14ஆவது நிமிடத்தில் ஹிகுவாய்ன் தலையால் முட்டி எங்களை முன்னிலைக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நான் பலமுறை போட்டுப் பார்த்திருக்கிறேன். எட்டோ வலது ஓரத்துக்குப் போய்விட்டார். மெஸ்ஸி நடுவில். நடுவில் என்றால் ஸ்ட்ரைக்கர் நிற்கும் இடத்திலும் இல்லை. பின்னால் இறங்கி நடுகள வீரர்கள் ஷாவி, இனியஸ்டா பக்கத்தில் போய் நின்றுகொண்டார். கன்னவாரோவுக்கும் மெட்ஸல்டருக்கும் பிடிப்பதற்கு ஆளே இல்லை. அவரைத் தொடர்ந்து முன்னே போனால் முதுகுக்குப் பின்னால் ஹென்றியும் எட்டோவும் ஓடுவார்கள். போகாமல் நின்றால் நடுகளத்தில் அவர்களுக்கு ஓர் ஆள் கூடுதல். இரண்டு சென்டர் பேக்குகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொன்னால் மிகையில்லை. ஹென்றி இரண்டு, மெஸ்ஸி இரண்டு, அவர்களுடைய தடுப்பாட்டக்காரர்கள் பூயோல், பிக்கே ஆளுக்கொன்று. முடிவு 2-6.

நாங்கள் மெஸ்ஸியைப் பற்றிப் போட்ட கணக்கு எல்லாம் சரியான கணக்குதான். அவர் நிற்கப்போகும் இடம் மட்டும் அதில் இல்லை. அதனால் வடக்கு மாடத்துக்கு என் யோசனை: அந்த இடது பக்க ஏற்பாடு உண்மைதான், ஆனால் அவர்களுடைய பயிற்சியாளரும் நீங்கள் பார்த்த அதே ஆட்டங்களைப் பார்த்திருக்கிறார். எல்லோருக்கும் தெரிந்துபோன ஒன்றைப் பரம எதிரிக்கு எதிராகவும் அப்படியே ஆடுவார் என்று நம்ப வேண்டாம்.

பழைய காலரி

வெள்ளைச் சட்டை சொல்வது 2009இல் பிறந்த வித்தை அல்ல. 1953 நவம்பர் 25, வெம்ப்ளி. இங்கிலாந்து 3, ஹங்கேரி 6. ஹங்கேரியின் ஹிடெக்குட்டி முதுகில் ஒன்பது, ஆடியது நடுகளத்துக்கு அருகே. இங்கிலாந்தின் நடுத் தடுப்பாட்டக்காரர் (அப்போது சென்டர் ஹாஃப்) ஹாரி ஜான்ஸ்டன், அந்த எண்ணைத் துரத்துவதா இருந்த இடத்தில் நிற்பதா என்று தெரியாமல் தவித்தார். ஹிடெக்குட்டி மூன்று கோல் அடித்தார், முதலாவது ஆட்டம் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே. கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் இன்றும் பார்க்கலாம்.

ஆனால் நான் சொல்லவந்தது வேறு. அடுத்த ஆண்டு மே மாதம் புடாபெஸ்டில் மறுபடியும் சந்தித்தார்கள். இங்கிலாந்துக்கு ஆறு மாத அவகாசம். ஹிடெக்குட்டி எங்கே நிற்பார் என்று இப்போது உலகத்துக்கே தெரியும். முடிவு ஹங்கேரிக்கு 7-1. இங்கே எல்லோரும் எதிரணியைப் புரிந்துகொள்வதைப் பற்றியே பேசுகிறோம். புரிந்துகொண்ட பிறகு தடுக்க நம்மிடம் கால்கள் வேண்டாமா?

பீரங்கிப்படை

பழைய காலரிக்கு என் ஓட்டு. ஆர்சனல் ரசிகர்களைக் கேளுங்கள், 2008இல் ஸ்டோக் சிட்டியைப் பற்றிச் சொல்வோம். உலகத்தில் மறைக்கவே முடியாத தாக்குதல் ஒன்று இருந்ததென்றால் அது ஸ்டோக்கின் ரோரி டெலாப் பக்கக் கோட்டிலிருந்து கையால் எறியும் த்ரோதான். பள்ளிக் காலத்தில் ஈட்டி எறிந்தவர். மற்றவர்களின் நீண்ட த்ரோ மேலே எழும்பி மெதுவாக விழும். கோல்கீப்பர் வந்து பிடித்துவிடலாம். டெலாப் எறிந்தால் பந்து தலை உயரத்தில் தட்டையாக, வேகமாக வரும். த்ரோவிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடு (பந்து வருமுன்பே தடுப்பு வரிசையைத் தாண்டி நிற்கும் தவறு) கிடையாது என்பதால் ஸ்டோக்கின் நெட்டைக் கொக்குகள் எல்லோரும் கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னால் போய் நிற்பார்கள். பந்தைத் துடைக்கக் கோட்டோரத்தில் துண்டுகூட வைத்திருந்தார்கள். இரகசியம் என்று ஒன்றுமே இல்லை.

நவம்பர் 1 அன்று எங்கள் அணி அங்கே போனது. அந்த வாரம் முழுவதும் நாங்கள் த்ரோவைத் தவிர வேறு எதையும் பேசவில்லை. முதல் கோல், டெலாப்பின் த்ரோ, ஃபுல்லர் தலை. இரண்டாவது கோல், டெலாப்பின் த்ரோ, ஒலோஃபின்ஜானா. கடைசியில் கிளிஷி ஒன்று அடித்தும் 2-1 என்று தோற்றோம். தெரிந்தே வாங்கிக் கட்டிக்கொண்ட அடி.

அதே மாதம் ஹல் சிட்டியின் கோல்கீப்பர் மைஹில் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. பக்கக் கோட்டுக்கு வெளியே உதைத்தால் டெலாப்புக்கு த்ரோ கிடைக்கும் என்பதால், பந்தைத் தன் கோல் கோட்டுக்கு வெளியே தட்டிவிட்டு, மூலையிலிருந்து உதைக்கும் கார்னரைக் கொடுத்தார்! ஊரே கார்னருக்குப் பயப்படும்போது அந்த மனிதருக்குக் கார்னர் பாதுகாப்பாகத் தெரிந்திருக்கிறது. அதே ஆட்டத்தில் ஹல்லின் மாற்று வீரர் விண்டாஸ், டெலாப் எறியும் இடத்துக்கு முன்னால் போய் உடலைச் சூடேற்றிக்கொள்வதுபோல் குதித்து மஞ்சள் அட்டை வாங்கினார். சிரித்தோம். ஆனால் யோசித்துப் பாருங்கள், அவர்கள் த்ரோவைத் தடுக்க முயலவில்லை. த்ரோ உருவாகும் இடத்திலேயே கையை வைத்தார்கள்.

வானநீலம்

மான்செஸ்டர் சிட்டி, 2016 பிப்ரவரி 6. லெஸ்டர் எங்கள் மைதானத்துக்கு முதலிடத்தில் இருந்தபடியே வந்தது. அவர்களுடைய ஸ்ட்ரைக்கர் ஜேமி வார்டி முந்தைய நவம்பரில்தான் தொடர்ந்து 11 லீக் ஆட்டங்களில் கோல் அடித்துச் சாதனை படைத்திருந்தார். தடுப்பு வரிசைக்குப் பின்னால் இடம் விடாதீர்கள், வார்டியை ஓட விடாதீர்கள் என்பதுதான் எங்கள் மந்திரம்.

மூன்றாவது நிமிடத்தில் லெஸ்டரின் மஹ்ரெஸ் எடுத்த ஃப்ரீ கிக், அவர்களுடைய சென்டர் பேக் ராபர்ட் ஹூத், கோல். இடைவேளைக்குப் பின் மஹ்ரெஸ் தானே ஒன்று. 60ஆவது நிமிடத்தில் கார்னர், மறுபடியும் ஹூத், தலை. 1-3. வார்டி ஒரு கோலும் அடிக்கவில்லை. அன்று முதல் எதிரணியைப் பற்றி யார் பேசினாலும் நான் முதலில் கேட்பது கார்னரை யார் எடுக்கிறார், யாரைத் தேடி எடுக்கிறார் என்பதுதான். வடக்கு மாடம் எழுதியதில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை.

எண்ணும் எழுத்தும்

எதிர்பார்ப்புக் கோல் கணக்கை யாரும் தொடவே இல்லையே? ஓர் அணி எத்தனை கோல் அடித்தது என்பதைவிட, எவ்வளவு நல்ல வாய்ப்புகளை உருவாக்கியது என்பதை அது சொல்லும்.

ஆனால் மொத்தத் தொகையை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து நீட்டுகிறவர்களை நம்பாதீர்கள். ஒரு பெனால்டிக்கு முக்கால் கோலுக்கும் சற்று மேலே மதிப்பு. இரண்டு பெனால்டி கிடைத்த நாளில் எந்த மந்தமான தாக்குதலும் புலியாகத் தெரியும். பெனால்டியைக் கழியுங்கள். பிறகு, ஆட்டம் சமநிலையில் இருந்தபோது உருவான வாய்ப்புகளை மட்டும் பாருங்கள். மூன்று கோல் பின்தங்கிய அணி எல்லோரையும் முன்னே அனுப்பிவிட்ட பிறகு கிடைக்கும் வாய்ப்புகள் சனிக்கிழமை 0-0 என்று தொடங்கும் ஆட்டத்தைப் பற்றி எதையும் சொல்லாது.

இரண்டாம் எண்

தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் எழுதிவிட்டீர்கள். நான் வார இறுதி லீக்கில் வலது ஃபுல்பேக்காக ஆடுகிறவன். வடக்கு மாடம் சொன்ன அந்தச் சந்து என் வீட்டு வாசல் மாதிரி, ஆகவே கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் தொகுதியில் ஓர் அணியின் இடது விங்கருக்குப் பெரிய பெயர். ஆட்டத்துக்கு முன்பு ஆளாளுக்கு அறிவுரை. வேகக்காரன், இடம் கொடுக்காதே என்று ஒருவர். நெருங்காதே, சுழன்று போய்விடுவான் என்று இன்னொருவர். நான் அவர்கள் பயிற்சி எடுக்கும்போது கோட்டோரம் நின்று பார்த்தேன். விங்கர் பந்தை எந்தக் காலில் வாங்குகிறார் என்பதை மட்டும். கோட்டுப் பக்கக் காலில் வாங்கினால் பெரும்பாலும் கோட்டோடு ஓடினார். உள் பக்கக் காலில் வாங்கினால் உள்ளே வந்தார். முதல் தொடுதலிலேயே பாதிப் பதில் கிடைத்துவிடுகிறது.

ஆனால் ஆட்டம் தொடங்கியபின் கண்டுகொண்டது அதைவிடப் பயனுள்ளது. விங்கரைப் பார்த்துக்கொண்டிருந்தால் எப்போதும் அரை நொடி தாமதம். அவருக்குப் பின்னால் பந்தை வைத்திருக்கும் இடது ஃபுல்பேக்கின் இடுப்பைப் பார்க்க வேண்டும். அவர் மைதானத்தின் நடுப்பக்கம் திரும்பி நின்றால் கோட்டோரமாக நீண்ட பாஸ் கொடுப்பது கடினம். நான் சந்தை மூடிக்கொண்டு உள்ளேயே நிற்கலாம். கோட்டுப் பக்கம் உடலைத் திறந்தால் அப்போது விங்கரை நோக்கி நகர வேண்டும். தலையைக் குனிந்தால் பாஸ் வரப்போகிறது. இது எந்தக் கோல் தொகுப்பிலும் கிடைக்காது, ஏனென்றால் கேமரா எப்போதும் பந்தோடு போய்விடுகிறது.

இன்னொன்று. சந்துக்குள் ஓடிவருகிறவரைப் பிடிப்பது ஃபுல்பேக்கின் வேலை இல்லை. ஃபுல்பேக்குக்கு இரண்டு உடம்பு கிடையாது. அவரை நடுகளத்திலிருந்தே யாராவது தொடர்ந்து வர வேண்டும். கோல் விழுந்தபின் எல்லோரும் என்னைப் பார்த்துத்தான் கையை விரிப்பார்கள், அது தனிக் கதை.

வெள்ளையும் நீலமும்

எல்லோரும் எதிரணியை எடை போட்ட கதை சொல்கிறீர்கள். எடை போடப்பட்ட பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 2022 நவம்பர் 22, உலகக் கோப்பை, கத்தாரின் லுசைல் மைதானம். நான் அர்ஜென்டினா ரசிகன். 36 ஆட்டங்களாகத் தோற்காத அணி. எதிரில் சவூதி அரேபியா.

மெஸ்ஸி பெனால்டியில் ஒன்று அடித்தார். அதன்பின் முதல் பாதியிலேயே மேலும் மூன்று முறை பந்து வலைக்குள் போனது. மூன்றும் ஆஃப்சைடு. சவூதியின் பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் தன் தடுப்பு வரிசையைக் கிட்டத்தட்ட நடுக்கோடு வரை ஏற்றி வைத்திருந்தார். பார்க்கும்போது பைத்தியக்காரத்தனம் என்றே தோன்றியது. ஆனால் எங்கள் முன்கள வீரர்களை ஒவ்வொருவராகப் பிடிக்க அவர் யாரையும் நியமிக்கவில்லை. பின்னால் ஓடும் பாஸைத்தான் நாங்கள் தேடுவோம் என்று கணித்து, அந்த ஓட்டம் எல்லாம் கொடி உயர்வதில் முடியும்படி ஏற்பாடு செய்துவிட்டார். இடைவேளைக்குப் பின் அல் ஷெஹ்ரி 48ஆவது நிமிடத்தில், அல் தவ்சரி 53ஆவது நிமிடத்தில். 1-2.

அந்தத் திட்டம் மயிரிழையில்தான் பிழைத்தது என்பதும் உண்மை. எங்கள் முன்கள வீரர் லாவுட்டாரோவின் தோள்பட்டை கொஞ்சம் பின்னால் இருந்திருந்தால் நாம் இன்று ரெனாரைக் கேலி செய்துகொண்டிருப்போம்.

வடக்கு மாடம்

எல்லோருக்கும் நன்றி. வானநீலம் குட்டியதும் அவர்களுடைய கார்னர்களை மட்டும் தனியாகப் பார்த்தேன். பெரும்பாலும் அருகிலுள்ள கம்பத்துக்கு எடுக்கிறார்கள். அங்கே ஒருவர் தலையால் பின்னால் உரசிவிட, தொலைவிலுள்ள கம்பத்தில் உயரமான சென்டர் பேக் காத்திருக்கிறார். ஒன்பதாம் எண் அப்போது என்ன செய்கிறார் தெரியுமா? எதிரில் ஆடும் அணியின் கோல்கீப்பரை வெளியே வரவிடாமல் வழியில் நிற்பதுதான் அவர் வேலை. இனி யாராவது அவரை ஸ்ட்ரைக்கர் என்றால் சண்டைக்குப் போவேன்.

எண்ணும் எழுத்தும் சொன்னபடி பெனால்டிகளைக் கழித்துப் பார்த்தேன். தொகை கொஞ்சம் இளைக்கிறது, ஆனால் இடது பக்கம் இளைக்கவில்லை. இரண்டாம் எண் எழுதியதைப் படித்தபின் அவர்களுடைய இடது ஃபுல்பேக்கை மட்டும் ஓர் ஆட்டம் முழுக்கக் கவனித்தேன். அழுத்தம் வந்தால் பதறுகிறார். ஆகவே என் விருப்பம் இது: எங்கள் வலது விங்கர் தாக்குதலைக் கொஞ்சம் மறந்து, அந்த ஃபுல்பேக்குக்குப் பந்து வரும்போதெல்லாம் ஓடிப்போய் மறிக்க வேண்டும். ஹல் செய்ததுபோல் த்ரோ உருவாகும் இடத்திலேயே கை வைப்பது. எங்கள் வலது விங்கர் பின்னால் ஓடுவதற்குப் பேர்போனவர் அல்ல என்பது ஊரறிந்த விஷயம். முதல் பத்து நிமிடம் அவரைத்தான் பார்ப்பேன்.

இரண்டாம் எண்

எல்லாம் சரி. உங்கள் வலது ஃபுல்பேக் இருபதாவது நிமிடத்தில் மஞ்சள் அட்டை வாங்கினால்?

வடக்கு மாடம்

மாற்று வலது ஃபுல்பேக்குக்குத் தொடையில் காயம். அவருக்கும் பதிலாக ஆடக்கூடியவர் போன பருவத்தில் வேறு அணிக்குப் போய்விட்டார். எந்த அணிக்கு என்று கேட்காதீர்கள், சனிக்கிழமை எதிரில்தான் நிற்பார்.