வவ்வா குகையில இருக்க வெள்ளைக் கட்டி சுண்ணாம்பா? அள்ளலாமா?

பசறைப் பொடியன்:
எங்க தேயிலைத் தோட்டத்துக்கு மேல உள்ள குகையில, புழுக்கைக்கு அடியில களிமண்ணோட ஒட்டி வெள்ளை வெள்ளையா கட்டி இருக்கு, நகத்தால கீறுனா மாவா உதிருது. உரத்துக்குனு மூட்டை மூட்டையா அள்ளுறாங்க. தரனகைட்ங்கிற பாஸ்பேட் கனிமமா இருக்கலாம், அள்ளாதீங்கனு சொல்லிப் பாத்தேன், யாரும் கேக்கல.

கொழுந்துக்கூடை:
தம்பி அது சுண்ணாம்பு. 2021ல அரசாங்கம் ரசாயன உரத்த நிப்பாட்டுனப்ப கொழுந்து கொறஞ்சு, நாள் கூலிக்குப் பேரு போடாம எத்தன நாள் லயத்துல உக்காந்திருந்தோம் தெரியுமா? சும்மா கெடக்குற எருவ அள்ளுனா என்ன தப்பு?

பசறைப் பொடியன்:
சுண்ணாம்புக் கல்லுனா தேசிக்கா சாறு பட்டதும் நுரைக்கும் அண்ணே, நான் விட்டுப் பாத்தேன், நுரைக்கல. புழுக்கையில இருந்து பாஸ்பேட்டு தண்ணியோட கீழ எறங்கி, அந்தப் புளிப்பு களிமண்ண அரிச்சு, அதுல உள்ள அலுமினியம் பொட்டாசியத்தோட சேந்துதான் தரனகைட் உண்டாகுது. 1866ல நியூசிலாந்து தரனாக்கியில மொதல்ல கண்டு அந்த ஊர் பேரையே வச்சாங்க, அங்க பறவை எச்சத்துல உண்டானது.

ஊவா மழை:
பொட்டாசியம், பாஸ்பேட்டு ரெண்டும் இருக்குனு நீங்களே சொல்றீங்க. அப்ப உரம்தானே?

பசறைப் பொடியன்:
அக்கா, இருக்கு, ஆனா பூட்டிக் கெடக்கு. நம்ம தேயிலை மண்ணே புளிச்ச மண்ணு, அந்த மாதிரி மண்ணுல பாஸ்பேட் உரம் போட்டா களிமண்ணோட சேந்து இதே தரனகைட்டா மாறும்னு மண் ஆராய்ச்சிக்காரங்க கண்டிருக்காங்க, வேருக்கு லேசுல கிடைக்காது. அதத் தூக்கிட்டு வந்து திரும்ப அதே மண்ணுல போடுறதா?

கொழுந்துக்கூடை:
சரி, வெள்ளைக் கட்டிய விடு. கறுப்புப் புழுக்கை நல்ல எருதான், அத நீ மறுக்க ஏலாது.

பசறைப் பொடியன்:
மறுக்கல அண்ணே. ஆனா காஞ்ச புழுக்கைத் தூசியில பூஞ்சை இருக்கும், மூச்சுல போனா நுரையீரல புடிக்கும், பொடியனுங்க மூக்குல ஒரு துணி கூட கட்டுறதில்ல. டோர்ச் அடிச்சு சத்தம் போட்டா தாய் வவ்வா பயந்து பறக்கும், குட்டி கீழ விழுந்து செத்துரும். பாஸ்பேட்டுதான் வேணும்னா எப்பாவலையில வெட்டி எடுக்குற பாஸ்பேட் கல்லு உரம் இருக்கே, தேயிலைக்குக் காலங்காலமா போடுறதுதானே.

கொழுந்துக்கூடை:
அதுக்கு காசு வேணும் தம்பி. குகை எரு ஓசி. நீ சொல்றது பாதி சரி, மீதிய நான் ஒத்துக்க மாட்டேன்.

ஊவா மழை:
பேராதனை கேம்பஸ்ல கல்லு, கனிமம் பத்திப் படிக்கிற புவிச்சரிதவியல் பிரிவு இருக்கு, ஒரு சின்னத் துண்டு குடுத்து எக்ஸ்ரேல பாக்கச் சொல்லுங்க. அதுவரைக்கும் அள்ளுறத நிப்பாட்டுனா என்ன அண்ணே?

கொழுந்துக்கூடை:
ஒரு மாசம் நிப்பாட்டச் சொல்றேன். அதுக்கு மேல கேக்காத.

பசறைப் பொடியன்:
போதும் அண்ணே. வீட்டுல எடுத்து வச்ச கட்டி இருந்தா அடுப்புக்கிட்ட காய வச்சிராதீங்க, சூடு பட்டா உள்ள இருக்க தண்ணி போயி வேற கனிமமா மாறிரும். ஈரத்தோட போத்தல்ல போட்டு மூடி வைங்க, ஞாயித்துக்கிழமை வந்து வாங்கிக்கிறேன்.