சிக்னல் இல்லாத ஊருக்கு ஒரு ஆப்: யோசனை சொல்லுங்கள்

வணக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து எழுதுகிறேன். வீடு வீடாகப் போய் பிரஷர், சுகர் பார்க்கும் அக்காக்களுக்காக நாங்கள் மூன்று பேர் ஒரு சின்ன ஆண்ட்ராய்டு ஆப் செய்துகொண்டிருக்கிறோம். (மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்த ரோஷமும் ஒரு காரணம்.)

சிக்கல் அஞ்செட்டி பக்கம். மலை ஏறினால் சிக்னல் போய்விடும். அதனால் விவரத்தைப் போனிலேயே சேமித்து, கீழே இறங்கியதும் சர்வருக்கு அனுப்புகிறோம். போன வாரச் சோதனையில் ஒரே முனியம்மா மூன்று பேராக ஏறியிருந்தார். சரி, பெயரையும் வயதையும் வைத்துச் சேர்க்கலாம் என்றால், வேறுவேறு முனியம்மாக்கள் இருவர் ஒருவராகிவிட்டார்கள்! ஒருவருடைய மாத்திரை இன்னொருவர் கணக்கில் விழுந்தால் என்ன ஆகும்? 14 இலக்க ஆபா எண் (மத்திய அரசின் சுகாதார அடையாள எண்) எல்லோரிடமும் இல்லை. பல வீடுகளில் மொத்தக் குடும்பத்துக்கும் ஒரே போன் நம்பர்.

ஆஃப்லைன் சிங்க் செய்து பழகியவர்கள் இதை எப்படிச் சமாளித்தீர்கள்? சந்தேகமான பதிவுகளை ஆளே பார்த்துச் சேர்க்கும்படி விடுவதா?

அப்புறம், தளி பக்கத்துத் தெலுங்கும் கன்னடமும் பேசத் தெரிந்தவர்கள் இருந்தால், ஆப்பில் வரும் பத்துக் கேள்விகளை அந்தப் பேச்சு வழக்கில் எழுதித் தாருங்கள். சம்பளம் கிடையாது, டீ உண்டு.