ஆய்வு நிதிக் கணக்குக்கு டூ ஃபேக்டர்: மலையில் சிக்னல் கிடைக்காதவர்கள் என்ன செய்கிறீர்கள்?

சாமைக்காடு, அரூர்
அரூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துகிறேன். சித்தேரி மலையில் சாமை ரகங்களைப் பற்றி ஆய்வுத் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. நிதி தருபவர்களின் தளத்தில் இதுவரை பாஸ்வேர்டு போட்டால் போதும், இப்போது டூ ஃபேக்டர், அதாவது பாஸ்வேர்டுக்கு மேல் ஒவ்வொரு முறையும் இன்னொரு எண்ணும் கேட்கும் பூட்டு, வைக்காமல் அடுத்த பக்கமே திறக்கவில்லை. எஸ்எம்எஸ் வேண்டுமா, ஆதென்டிகேட்டர் ஆப் வேண்டுமா என்று கேட்கிறது. மாதத்தில் பாதி நாள் மலையில்தான் இருக்கிறேன். தங்கும் வீட்டில் வைஃபை உண்டு, ஆனால் சிம்முக்குச் சிக்னல் வராது, பேங்க் ஓடிபி எல்லாம் கீழே இறங்கிய பிறகு மொத்தமாக வந்து விழும். ஆப் என்றால் அதற்கும் சிக்னல் வேண்டுமா? இன்னொன்று, யூசி (நிதியைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ்) ஏற்றுவதெல்லாம் என் ஆய்வு மாணவிதான், என் பாஸ்வேர்டு அவளிடம் இருக்கிறது. இனி அவள் எப்படி உள்ளே போவாள்? இந்த மாதக் கடைசிக்குள் யூசி போயாக வேண்டும்.

ஓசூர் சர்வர்
மேடம், யோசிக்காமல் ஆப்பை எடுங்கள். அதற்குச் சிக்னலும் வேண்டாம், நெட்டும் வேண்டாம். கியூஆரை ஸ்கேன் செய்யும்போது தளம் ஒரு ரகசியச் சாவியை உங்கள் போனில் வைத்துவிடுகிறது. அதன் பிறகு அந்தச் சாவியையும் அப்போதைய நேரத்தையும் வைத்து போனே கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு ஆறு இலக்க எண்ணைக் காட்டும், அங்கே சர்வரும் அதே கணக்கைப் போட்டுப் பார்க்கும், இரண்டும் ஒத்துப்போனால் கதவு திறக்கும். இந்த முறைக்கு டிஓடிபி என்று பெயர், 2011இல் ஆர்எஃப்சி 6238 என்று பொது விதியாகவே வெளியிட்டுவிட்டார்கள். அதனால் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஏஜிஸ் என்று எந்த ஆப்பை வைத்தாலும் பெரும்பாலும் ஓடும். எஸ்எம்எஸ்ஸில் சிக்னல் பிரச்சினை மட்டும் இல்லை, உங்கள் பெயரில் யாராவது டூப்ளிகேட் சிம் வாங்கிவிட்டால் ஓடிபி அவர்கள் கைக்குத்தான் போகும்.

மாங்கனி, கிருஷ்ணகிரி
அக்கா, ஸ்கேன் செய்வதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன வருஷம் ஒகேனக்கலில் பரிசலில் போகும்போது என் போன் காவிரிக்குள் விழுந்துவிட்டது. மறுநாளே அதே நம்பரில் சிம் வாங்கிவிட்டேன், ஆனால் நம்பர் வந்து என்ன பயன், சாவி பழைய போனோடு தண்ணீருக்குள் போய்விட்டதே! கல்லூரி லெட்டர்ஹெட்டில் முதல்வரிடம் கையெழுத்து வாங்கி அனுப்பி, அவர்கள் ரீசெட் செய்து தர 11 நாள் ஆனது. அந்த நாட்களில் எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை. செட்டப் முடியும்போது பேக்கப் கோடு என்று சில எண்கள் காட்டுவார்கள், ஒவ்வொன்றும் ஒரு முறைதான் செல்லும். அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போனில் வைக்காதீர்கள், தாளில் எழுதுங்கள். வீட்டில் வேறு போன் இருந்தால் அதே கியூஆரை அப்போதே அதிலும் ஸ்கேன் செய்துவிடுங்கள். கூகுள் ஆப் என்றால் 2023 ஏப்ரலிலிருந்து ஜிமெயில் கணக்கோடு சிங்க் செய்யும் வசதியும் இருக்கிறது.

ஓசூர் சர்வர்
மாணவி விஷயத்தை மறந்துவிட்டேன். அவர் போனில் உங்கள் கியூஆரை ஏற்றாதீர்கள் மேடம், போனில் எண்ணைப் படித்துக் காட்டுவதும் வேண்டாம். யூசியில் பணக் கணக்கு இருக்கிறது, நாளை ஒரு தப்பு நடந்தால் உள்ளே போனது யார் என்று காட்ட வழியில்லாமல் அவரும் மாட்டுவார், நீங்களும் மாட்டுவீர்கள். உதவியாளருக்குத் தனி லாகின் தருவார்களா என்று கேளுங்கள். அதுவரை அவர் யூசியைத் தயார் செய்து தரட்டும், ஏற்றுவதை நீங்களே செய்யுங்கள். பாஸ்வேர்டையும் இன்றே மாற்றிவிடுங்கள்.

சாமைக்காடு, அரூர்
முடித்துவிட்டேன், இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. முதலில் மூன்று தடவை எண் தப்பு என்றே வந்தது, கை நடுங்கிவிட்டது. பார்த்தால் என் போன் கடிகாரம் நாலு நிமிஷம் முன்னால் ஓடுகிறது, பஸ்ஸைத் தவறவிடக் கூடாதென்று நானே எப்போதோ தள்ளி வைத்தது. தானாக நேரம் எடுக்கும்படி மாற்றியதும் உடனே ஏற்றுக்கொண்டது. பேக்கப் கோடு பத்தும் தாளில் எழுதி, விதைப் பொட்டலம் போடும் காக்கி உறையில் வைத்து ஒட்டி, பீரோவில் பட்டா இருக்கும் பைக்குள் போட்டாயிற்று. மாணவிக்குத் தனி லாகின் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறேன். நாளை காலை சித்தேரி வண்டி ஏறுகிறேன், அங்கே திறந்து பார்த்துவிட்டு வந்து எழுதுகிறேன்.